வில்லையும் வேரும்

"ஆன்டிபயாட்டிக் உடலைக் கெடுக்கும், மூலிகை எந்நாளும் கெடுக்காது" என்னும் பேச்சு இப்பொழுது ஆரணி நகரெங்கும் வலுத்து வருகின்றது. கடைத்தெருவில் கேட்கின்றோம், தறிக்குழியருகில் கேட்கின்றோம், கற்றார் கூடும் ஆசிரியர் அறையிலும் கேட்கின்றோம். இப்பேச்சின் முற்பாதியில் உண்மை மிகுதி. பிற்பாதியில் பொய் மிகுதி. ஒரே பாவில் நல்லிழையும் இற்ற இழையும் கலந்து ஓடினால் அப்புடவை என்னாகும் என்பதைப் பட்டு நெய்யும் ஊரார்க்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ் மருத்துவத்தின்பால் பற்றுடைய நமக்கே இவ்விழைகளைப் பிரித்தறியும் கடமை ஏனையோரினும் மிகுதியாக உண்டு. ஏனெனில், இப்பேச்சு நம் பெயரைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றது.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். மக்கள் ஆன்டிபயாட்டிக் என்று வழங்குவதைப் பள்ளிப் பாடநூல்கள் நுண்ணுயிர் எதிர்ப்பி என்கின்றன. உயிர் எதிர்ப்பொருள் என்று எழுதுவாரும் உளர். உயிருக்கே எதிரான பொருள் என்று கேட்பாரை மருட்டும் அச்சொல் எனக்கு உடன்பாடன்று. நுண்ணுயிர்க்கொல்லி என்பதே எளிதில் விளங்குவது. அஃது எவ்வுயிரைக் கொல்லும்? பாக்டீரியா என்னும் நுண்ணுயிரைக் கொல்லும். அல்லது பெருகவிடாமல் தடுக்கும். வைரசு என்னும் நச்சுயிரியை அஃது ஒன்றும் செய்யாது. நீர்க்கோவை, பெரும்பாலான தொண்டைநோவு, டெங்குக் காய்ச்சல், அம்மை இவையெல்லாம் நச்சுயிரியால் வருவன. இவற்றிற்கு நுண்ணுயிர்க்கொல்லி உண்பது, வீட்டில் எலித்தொல்லையென்று கொசுவலை கட்டுவதைப் போன்றது. எலி போகாது, வலைக்குக் கொடுத்த பணந்தான் போகும். பணம் மட்டும் போயின் இக்கட்டுரை வேண்டியதில்லை.

இம்மருந்துகளின் தீங்குகள் கட்டுக்கதையல்ல. மருத்துவ நூல்களே அவற்றை வரிசையாக எழுதி வைத்துள்ளன. பெனிசிலின் சிலர் உடலுக்கு ஒவ்வாது. அரிதாகச் சிலரை அந்நொடியே மூச்சடைத்து வீழ்த்திவிடும். டெட்ராசைக்கிளினை எட்டு அகவைக்குட்பட்ட குழந்தைகட்கும் கருவுற்ற மகளிர்க்கும் கொடுத்தால், முளைக்கும் பற்கள் வாழ்நாள் முழுமையும் மஞ்சளும் பழுப்புமாக நிற்கும். இசுட்ரெப்டோமைசினும் அதன் இனத்தனவும் செவிப்புலனைத் தாக்கும். சில, சிறுநீரகத்தையும் தாக்கும். குளோராம்பெனிக்கால் பல்லாயிரத்தில் ஒருவர்க்கேனும் எலும்பினுள் குருதி ஊறும் இடத்தையே வறளச் செய்துவிடும். இவையனைத்திற்கும் பொதுவான ஒன்றும் உண்டு. நம் குடலுக்குள் நமக்கு நன்மை செய்து வாழும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. கொல்லி உள்ளே நுழைந்தால் களைக்கும் பயிருக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகலின் வயிற்றுக்கழிச்சல் வருகின்றது, வாய்ப்புண் வருகின்றது, சிலர்க்கு, வெறுமையான அக்குடலில் கொடிய நுண்ணுயிர் குடியேறி உயிருக்கே கேடு சூழ்கின்றது.

இவ்வளவும் உண்மையாயின், இம்மருந்துகளை ஒதுக்கிவிடலாமே என்று கேட்பாருளர். அவர்கட்கு ஒன்று சொல்வேன். குடற்காய்ச்சல் (டைபாய்டு) கண்ட பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ மாண்டுபோன காலம் ஒன்றிருந்தது. மகப்பேற்றுக்குப்பின் காய்ச்சல் கண்ட தாயர், காலில் முள் தைத்துச் சீழ்வைத்த உழவர், நுரையீரல் அழற்சி கண்ட பிள்ளைகள் இவர்களெல்லாம் மருந்தின்றி மாண்டனர். அக்காலத்திலும் நம் நாட்டில் வேர் இருந்தது, இலை இருந்தது, அறிந்த மருத்துவர் இருந்தனர். இருந்தும் மாண்டனர். இதை மறைத்துவிட்டு மூலிகையின் பெருமை பேசுதல் நேர்மையாகாது.

எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோயை எண்ணுக. 1956ஆம் ஆண்டு சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. நோயாளிகளை ஒரு பகுதியார் ஓய்வு மருத்துவமனையிலும் மறுபகுதியார் தத்தம் குடிசையிலுமாக வைத்து, இருசாரார்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நல்லுணவும் நற்காற்றும் படுக்கையும் பெற்றவர்க்கு நிகராகவே, நெருக்கமான குடிசைகளில் எளிய உணவுண்டு மருந்து உட்கொண்டோரும் நலம்பெற்றனர். 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகம் முழுமையும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. பணக்காரர்க்கே உரிய மலைவாழ் ஓய்வில்லங்கள் வேண்டா; ஏழை தன் வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்னும் நற்செய்தி, சென்னையின் சேரிகளிலிருந்து உலகிற்குப் போயிற்று. அச்செய்தியைச் சுமந்து சென்றவை நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளே.

'இயற்கை, செயற்கை' என்னும் பிரிப்பும் ஈண்டுப் பொருந்தாது. 1928ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலின் யாது? தட்டில் படிந்த பூசணம் சுரந்த சாறு. இசுட்ரெப்டோமைசின் யாது? மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று தன் பகையை ஒழிக்கச் சுரந்த பொருள். வேரில் இருப்பது இயற்கையாயின், பூசணத்தில் இருப்பதும் இயற்கையே. நஞ்சும் மருந்தும் இரண்டுமே மண்ணிலிருந்துதான் வருகின்றன.

அந்தப் பிளெமிங் பெருமானே 1945இல் நோபல் பரிசு பெற்ற பேருரையில் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். இம்மருந்தை யாரும் கடையில் வாங்கும் காலம் வரும். அறியாதவர் போதிய அளவின்றி உண்டு, உடலிலுள்ள நுண்ணுயிர்களைக் கொல்லாமல் பழக்கிவிடுவர் என்பது அதன் கருத்து. அவர் கூறியவாறே ஆயிற்று. குடற்காய்ச்சலுக்கு அருமருந்தென வந்த குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத நுண்ணுயிர், 1972இல் நம் அண்டை நாடாகிய கேரளத்தின் கோழிக்கோட்டில் நோய் பரப்பியது. மருந்து வந்து கால் நூற்றாண்டு நிறையுமுன் இந்நிலை! 2010ஆம் ஆண்டு இலான்செட்டு மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளிவந்த ஆய்வொன்று, மிக உயர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் அடங்காத நுண்ணுயிர்கள் சென்னையிலும் அரியானாவிலும் கிடைத்தமையைக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அதில் பங்கு கொண்டிருந்தனர். அவ்வெதிர்ப்பாற்றலைத் தரும் பொருளுக்குப் 'புதுதில்லி'யின் பெயர் இடப்பட்டிருந்தமையால், தலைநகரின் பெயர் கெட்டதே என்று நாட்டில் பெரிய கூக்குரல் எழுந்தது. பெயரைப் பற்றி எழுந்த குரலில் பாதியேனும் நோயைப் பற்றி எழுந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

நல்லோர் சிலர் வாளா இருந்திலர். 2012இல் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, 'சென்னை அறிவிப்பு' என்னும் ஆவணத்தை ஆக்கின. மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்றலைப் படிப்படியாக நிறுத்தல் வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 2014 மார்ச்சுத் திங்களிலிருந்து உயர்வகைக் கொல்லிகள் பலவும் காசநோய் மருந்துகளும் எச்-1 என்னும் தனிப்பட்டியலில் வைக்கப்பட்டன. விற்போர் பதிவேடு வைத்து, வாங்குவோர் பெயரும் மருத்துவர் பெயரும் எழுதுதல் வேண்டும். கோழிக்கும் மீனுக்கும் கொலிசுட்டின் என்னும் கடைசிக் கருவியைத் தீனியோடு கலந்து கொடுத்த கொடுமையும் 2019இல் தடைசெய்யப்பட்டது. சட்டம் இருக்கின்றது. ஆயினும் மருந்துக்குப் பணியாத நுண்ணுயிர்களால் நேர்ந்த இறப்பு, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12,70,000 எனக் கணக்கிடப்பெற்றுள்ளது.

சட்டம் நம் தெருவிற்கு வரும்போது என்னாகின்றது? முள்ளிப்பட்டிலோ சேவூரிலோ ஒரு நெசவாளர்க்குக் காய்ச்சல் காண்கின்றது. தறியை விட்டிறங்கி ஒருநாள் மருத்துவமனையில் காத்திருந்தால் அன்றைய நெசவு போயிற்று. புடவை முடிந்தால்தான் கூலி. ஆதலின் மாலையில் மருந்துக்கடைக்குப் போய், "காய்ச்சலுக்கு நான்கு வில்லை கொடு" என்கின்றார். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தருகின்றார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரில் பாதி இருக்கும், கெடுநாள் இருக்காது. இரண்டு நாள் உண்டு காய்ச்சல் தணிந்ததும், மிச்சமிருக்கும் வில்லைகள் அடுத்த காய்ச்சலுக்கென்று மாடக்குழியில் வைக்கப்படுகின்றன. அடுத்த காய்ச்சல் அவருக்கு வருவதில்லை. அவர் பேரனுக்கு வருகின்றது. பாட்டி அவ்வில்லையில் பாதியை உடைத்துத் தேனில் குழைத்துத் தருகின்றார். இதில் எவரைக் குற்றஞ்சாட்டுவது? கூலி முறையையா? காத்திருக்க வைக்கும் கூட்டத்தையா? சீட்டுக் கேட்காத கடையையா? கேரள அரசு 2024இல் சீட்டின்றிக் கொல்லி விற்கும் கடைகளைத் திடுமெனச் சென்று ஆராயத் தொடங்கியது. அதனை நம் அரசும் பின்பற்றினால் குறைவு வந்துவிடாது.

இனி வேரின் பக்கம் வருவோம். மேலே கூறிய நீர்க்கோவைக்கும் தொண்டைநோவுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டா என்றோம். அங்கேதான் நம் வீட்டு மருந்துக்கு உரிய இடம் உள்ளது. நொச்சியிலையிட்டு ஆவி பிடித்தல், சுக்கும் மிளகும் இட்ட குடிநீர், தூதுவளைத் துவையல், ஆடாதோடைச் சாறு ஆகியவை துன்பத்தைத் தணிக்கும்; அதற்குள் உடல் தானே நோயை வென்றுவிடும். குழந்தைகளின் வயிற்றுக்கழிச்சலிலும் பெரும்பாலானவற்றிற்கு வேண்டுவது கொல்லியன்று. உப்பும் இனிப்பும் அளவறிந்து கலந்த உயிர்காக்கும் நீரே. 2012இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டரசு நிலவேம்புக் குடிநீரை ஊர்தோறும் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது பொருள் சேர்ந்தது அது. நிலவேம்பு தொண்டைநோவையும் இருமலையும் ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. இன்னும் திண்ணிய ஆய்வுகள் வேண்டும் என்றும் அவையே கூறுகின்றன. குடிப்பதில் தடையில்லை. ஆனால் டெங்குவில் குருதிக்கசிவு கண்ட பிள்ளையைக் குடிநீரை நம்பி வீட்டில் வைத்திருந்தால், அப்பிள்ளையை இழப்போம்.

மூலிகை எந்நாளும் கெடுக்காது என்பார் ஆடுதீண்டாப்பாளையை அறிவாரா? நம் வயல் வரப்புகளில் படரும் கொடி. பெயரிலேயே எச்சரிக்கை உண்டு, ஆடு தீண்டாது. எதையும் மேயும் ஆடே ஒதுக்குவதை மாந்தன் புழுமருந்தென்றும் தோல்மருந்தென்றும் உட்கொண்டான். அக்கொடியின் இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிப் புற்றையும் விளைக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்சிய நாட்டில் உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை வில்லைகளை உண்ட மகளிர் பலர், அவற்றில் இவ்வினச் செடி கலந்திருந்தமையால் சிறுநீரகம் இழந்தனர். கொரோனாக் காலத்தில் சீந்திலை நாள்தோறும் காய்ச்சிக் குடித்தவருள் சிலர்க்குக் கல்லீரல் அழற்சி கண்டதென 2021இல் மும்பை மருத்துவர் எழுதினர். அது சீந்திலன்று, அதனையொத்த வேறு கொடியாகலாம் என்று நடுவணரசின் துறை மறுத்தது. மறுப்பு உண்மையென்றே கொள்வோம். கொடியை அறியாமல் கொடியைக் குடிக்கலாமா என்னும் வினா அப்பொழுதும் எஞ்சி நிற்கின்றதன்றோ? சவ்வாது மலையடிவாரத்தில் இலையைக் கசக்கி முகர்ந்தே இனம் சொல்லும் முதியோர் இன்னும் உளர். கண்ணைக் கவரும் உறையில் பொடி விற்கும் வணிகர்க்கு அவ்வறிவு உண்டென்று யான் நம்பவில்லை.

யான் பத்தாம் வகுப்பில் தமிழ் கற்பித்த மாணவன் ஒருவன், பின்னர்த் தந்தையின் தறியிலேயே அமர்ந்தான். 2014ஆம் ஆண்டளவில் அவனுக்கு எலும்புருக்கி கண்டது. விலையின்றியே மருந்து கிடைத்தது. உண்ணத் தொடங்கிய சின்னாளில் சிறுநீர் செம்மஞ்சளாக இறங்கியது. ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம் அது. சாயப்பட்டறையில் கைகழுவிய நீரைப்போல. அதனால் ஒரு தீங்கும் இல்லை. அவனுக்கு விளங்குமாறு அதை யாரும் சொல்லவில்லை போலும். குருதி போகின்றதென்று நடுங்கினான். இரண்டு திங்களில் இருமல் நின்று உடம்பும் தேறிற்று. அந்நேரம் பார்த்து மூலிகை விற்பான் ஒருவன், "ஆங்கில மருந்து ஈரலை அரித்துவிடும்; இனி இந்த இளகியம் போதும்" என்றான். வில்லை நின்றது. ஆறு திங்கள் உண்ணவேண்டியதை இரண்டு திங்களில் விட்டான்.

அடுத்த ஆண்டு மீண்டும் இருமல், இம்முறை குருதியோடு. நோய்நுண்ணுயிர் முன்னை மருந்துகளுக்குப் பணியவில்லை. இரண்டாண்டு மருத்துவம். அதில் முதற்பகுதி முழுதும் கானாமைசின் ஊசி. அவன் பிழைத்தான், செவிப்புலன் போயிற்று. இன்று தன் தறியோசை தனக்குக் கேளாமலே புட்டாப் போட்டு நெய்கின்றான். நேர்த்தியாகவே நெய்கின்றான். அவன் செவியைக் கெடுத்தது மருந்தின் பக்கவிளைவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊசிவரை அவனை இழுத்துச் சென்றது எது? பக்கவிளைவைப் பற்றிய அச்சமும், அவ்வச்சத்தைக் காசாக்கிய ஒருவனுமே. (அந்நோய்க்கு இன்று ஊசியில்லாத மருந்துமுறை வந்துவிட்டது. அவனுக்கு அது காலம் கடந்த செய்தி.)

ஈரல் கெடும் என்று அந்த விற்பான் சொன்னதும் முழுப்பொய்யன்று. காசநோய் மருந்துகள் சிலர் ஈரலை வருத்தும். அதனாற்றான் கண் மஞ்சளித்தாலோ, உணவு வெறுத்து வாந்தி கண்டாலோ உடனே வந்து சொல்லுமாறும், பார்வையில் மங்கல் தோன்றினால் காலந்தாழ்த்தாது காட்டுமாறும் மருத்துவர் கூறுவர். மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் அவர்க்கு வழியுண்டு. தானாக நிறுத்துவோர்க்கு வழியில்லை.

தமிழ் மருத்துவத்தை யான் இழித்துரைக்கின்றேன் என்று சினப்பாரும் இருக்கலாம். அவர்கள் கீழாநெல்லியின் வரலாற்றை எண்ணிப்பார்க்க வேண்டுகின்றேன். மஞ்சட்காமாலைக்கு நம்மவர் காலங்காலமாகக் கொடுத்துவந்த செடி. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராசன் குழுவினர், 'பி' வகை ஈரலழற்சி நச்சுயிரியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கு அவர்களோடு சேர்ந்து, அச்செடியை ஆய்ந்து 1988இல் இலான்செட்டில் எழுதினர். செடிப்பொடி உண்ட 37 பேரில் 22 பேர்க்கு நச்சுயிரியின் அடையாளம் குருதியிலிருந்து நீங்கியது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவர்க்கே நீங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அத்தகைய பயன் தெரியவில்லை. நம்மவர் என்ன செய்தனர்? முதல் ஆய்வை மட்டும் மேடைதோறும் முழங்கினர். இரண்டாவதை ஒருவரும் பேசவில்லை. செடியின் இனவேறுபாடா, பறித்த பருவமா, நிலமா, நோயின் நிலையா, அன்றி முதல் முடிவுதான் பிழையா என்று ஆராய ஆயிரம் இளைஞர் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. காமாலை பலர்க்குத் தானே நீங்கும் நோய். செடி உண்டார்க்கும் நீங்கும், உண்ணாதார்க்கும் நீங்கும். இவ்வேறுபாட்டை அறியத்தான் வெற்றுப்பொடி கொடுத்துப் பார்க்கின்றனர்.

சீனர் செய்ததைப் பாருங்கள். முறைக்காய்ச்சலுக்கு (மலேரியாவுக்கு) மருந்து தேடிய தூ யூயூ என்னும் பெண்மணி, தம் நாட்டுப் பழஞ்சுவடிகளைப் புரட்டினார். கி.பி. நான்காம் நூற்றாண்டில் கெ ஓங் என்பார் எழுதிய கையேட்டில், ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை கூறப்பட்டிருந்தது. 'காய்ச்சு' என்று இல்லை. 'ஊறவை' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லில் அவர் நின்றார். தாம் சூடேற்றியதாலேயே மருந்தாற்றல் அழிந்தது என்று உணர்ந்து, சூடு குறைத்துச் சாறு பிரித்தார். விலங்குகட்குக் கொடுத்துப் பார்த்தபின் தாமே உண்டு பார்த்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஓலைச்சுவடியில் ஒரு வினைச்சொல்லைப் பிழையறப் படிப்பது எத்துணைப் பெரிய செயல் என்பதற்குத் தமிழாசிரியனாகிய எனக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர் சுவடியை வணங்கவும் இல்லை, எள்ளவும் இல்லை. படித்தார்; பிறகு ஆய்ந்தார்.

நம் வேலியோரத்து ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்எக்சின் என்னும் சளிமருந்தை அயல்நாட்டார் ஆக்கினர். அது குப்பியில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வருகின்றது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் உரிமம் வழங்கினர். நம் அறிவியல் ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடி, 1997இல் அவ்வுரிமத்தை நீக்கச் செய்தது. நல்ல வெற்றி. ஆனால் மஞ்சள் நம்முடையது என்பதற்குப் பழஞ்சுவடி போதும்; மஞ்சள் இந்நோயை இவ்வளவில் தீர்க்கும் என்பதற்குச் சுவடி போதாது. முன்னதை நிறுவிய ஊக்கத்தில் பின்னதையும் நிறுவியிருக்க வேண்டாவா? பாளையங்கோட்டையில் 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. தாம்பரத்தில் 2005 முதல் நாட்டளவிலான சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. கட்டடம் உண்டு, கற்றோர் உண்டு, நோயாளர் கூட்டமும் உண்டு.

திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் உளது. அப்பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயரேனும் உண்டா? இல்லை. உண்ணும் அளவு, செரித்தபின் உண்ணல், நோயின் முதலை நாடல், நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் கருதல் இவையே உள. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் மருந்தும் ஒன்று. நோயாளியும் மருத்துவனும் அருகிருந்து மருந்து கொடுப்பவனும் ஏனை மூன்று. அருகிருப்போன் எதைக் கொடுக்கின்றோம் என்று அறியாதவனாயின், நாலில் ஒன்று ஒடிந்துவிட்டது.

அவன் எங்ஙனம் அறிவான்? நுண்ணுயிர்க்கொல்லியை அடையாளங்காண அட்டையில் செங்கோடு இருக்கின்றது. 2016இல் நடுவணரசு அதை விளக்கப் பரப்புரையும் செய்தது. யான் என் வீட்டிலுள்ள அட்டைகளையும் அண்டை வீடுகளின் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். செங்கோடு உண்டு. அருகில் எச்சரிக்கையும் உண்டு, பொடியெழுத்தில், ஆங்கிலத்தில். சிலவற்றில் இந்தியிலும் பெயர் உண்டு. தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. பாட்டி உடைத்துத் தந்த பாதி வில்லையின் கதைக்கு ஒரு காரணம் இதுவும் ஆகும்.

தமிழால் இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயைக் காட்டுவேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847இல் அங்கு வந்து, தமிழ் கற்று, மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மருந்தியல் நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். இரணவைத்தியம், வைத்தியாகரம் என அவர் இட்ட பெயர்களில் வடசொல் மலிந்துள்ளமை நமக்கு வருத்தமே. அக்காலப் புலவர் கூட்டம் அவருக்குத் துணைநின்று தந்த சொற்கள் அவை. ஆயினும் அவரிடம் கற்றவர்கள் நோயாளிக்கு அவன் மொழியிலேயே மருந்தின் தன்மையைச் சொல்லும் மருத்துவராயினர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் முழு நூலைத் தமிழில் எழுத முடிந்தது. இன்று வில்லையட்டையில் நான்கு வரி எழுத முடியாதா?

நான்கு வரி போதும். யானே எழுதிப் பார்த்தேன். உள்ளங்கையளவு அட்டையின் பின்புறத்தில் நன்றாகவே அடங்குகின்றது. "இது நுண்ணுயிர்க்கொல்லி. மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர், பிறர்க்குக் கொடாதீர். அவர் குறித்த நாள்வரை உண்க. தடிப்பு, மூச்சுத்திணறல், கண் மஞ்சளித்தல், காதிரைச்சல் கண்டால் உடனே அவரிடம் செல்க. வேறு மூலிகையோ மருந்தோ உண்பின் அவரிடம் மறையாது சொல்க." இதனை ஊர்ப்பெயரும் கையொப்பமும் இட்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விடுக்க எண்ணியுள்ளேன். சித்த மருந்துப் பொதிகளிலும், உள்ளிருக்கும் செடியின் தமிழ்ப்பெயர், இனப்பெயர், அளவு, யார் உண்ணலாகாது என்பவற்றை எழுதுமாறு அதே மடலில் கேட்டுள்ளேன். ஆரணி, போளூர், செய்யாறு வட்டத்து அன்பர்கள் தத்தம் வீட்டு அட்டைகளைப் பார்த்து, எதில் எம்மொழியில் என்ன எழுதியுள்ளது என்று குறித்து இவ்விதழ் முகவரிக்கு விடுப்பின் மடலோடு சேர்த்துவிடலாம்.